வீடு ஒதுங்க வைக்கிறதைப் பிள்ளைங்க விரும்பிச் செய்ய என்ன வழி?

மண்டபம்_தாய்:
அக்காமார், அண்ணன்மார், பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கிற மண்டபம்ங்கிற ஊர்ல, கடலுக்கு நடந்து போற தூரம்தான். மகளுக்கு ஏழு வயசு, மகனுக்கு நாலு. ரெண்டு பேரும் நல்லா விளையாடுவாங்க, அதுல எனக்குக் குறையே இல்ல. ஆனா பொழுது சாயுற நேரத்துல கூடத்துல கால் வைக்க இடம் இருக்காது. பிளாக்ஸ், சொப்புச் சாமான், கலர் பென்சில், கரையில பொறுக்கின சிப்பி, ஸ்கூல் பேக்ல இருந்து கொட்டின நோட்டு. எல்லாத்துக்கும் மேல மணல்.

"எடுத்து வைங்கடா"ன்னா யாரும் அசைய மாட்டாங்க. சத்தம் போட்டா அழுதுகிட்டே செய்வாங்க. அழ வச்சு வேலை வாங்குறதுல எனக்கு மனசு ஒப்பல. இந்த வேலையையும் ஒரு விளையாட்டா, சந்தோஷமாச் செய்யணும்னு ஆசை. நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுற சார்ட் வாங்கலாமா, நாளைக்குப் பத்து ரூபா குடுக்கலாமான்னு வீட்டுல பேச்சு ஓடுது. உங்க வீட்டுல என்ன செய்றீங்க? நம்ம பக்கத்து மணலும் காத்தும் தெரிஞ்சவங்க சொன்னா இன்னும் உதவியா இருக்கும்.

கீழக்கரை_ராத்தா:
வாங்கம்மா. எங்க வீட்டுல மச்சினர் பிள்ளைங்களும் சேர்த்து ஏழெட்டுப் பேர் ஒரே முற்றத்துல விளையாடுறாங்க, அதனால நீங்க சொல்றது எனக்கு நல்லாத் தெரியும். எங்க பிள்ளைங்களுக்குப் பிடிச்சது ஏலம்.

மீன் ஏலம் பார்க்காத பிள்ளை நம்ம கரையில ஏது? நான் நடுவுல பெரிய கொட்டானை வச்சு உக்காந்துக்குவேன். தரையில கிடக்கிறதுல ஒண்ணை எடுத்துத் தூக்கிக் காட்டுவேன். "சிவப்புக் கார், நாலு சக்கரமும் இருக்கு, யாருக்கு?" கேக்குறவங்க முதல்ல அது இருக்க வேண்டிய இடத்தைச் சொல்லணும். அப்புறம் எத்தனை தாவல்ல கொண்டுபோய் வைப்பாங்கன்னு ஏலம் கேக்கணும். ஒருத்தன் "பத்து தாவல்"ம்பான், அடுத்தவ "எட்டு"ம்பா, சின்னவன் "மூணு"ன்னு கத்துவான். குறைச்சுக் கேட்டவங்களுக்குத்தான் சரக்கு. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" சொல்றது எல்லாரும் சேர்ந்து. அந்தச் சத்தத்துக்காகவே ஓடி வருவாங்க.

இதுல இன்னொரு நன்மை. யாருமே கேக்காத சாமான்னு சிலது மிஞ்சும். அதைத் தனியா ஒரு பையில போட்டு வைப்பேன். வாரக் கடைசியில பிள்ளைங்களையே கேப்பேன், "இது வேணுமா, வேற பிள்ளைக்குக் குடுத்திடலாமா?" பாதிக்கு மேல அவங்களே குடுக்கச் சொல்லிடுவாங்க. அவங்க வாயால சொல்லாம ஒரு துண்டைக்கூட வெளிய அனுப்ப மாட்டேன். பிள்ளைங்க நம்மள நம்புறது அதுல இருக்கு.

நேரம் எங்களுக்கு மஃரிப் பாங்குக்கு, அதாவது பொழுது சாஞ்சதும் தொழுகைக்குக் கூப்பிடுற அழைப்புக்கு, முன்னாடி. பாங்கு சொல்றப்போ தரை காலியா இருக்கணும். தூய்மை ஈமான்ல (இறை நம்பிக்கையில) பாதின்னு நபிமொழி இருக்கு, அதைத் திட்டுறப்போ சொல்லாம சந்தோஷமா இருக்கிறப்போ சொல்லிக் குடுக்கிறேன்.

ராமேஸ்வரம்_இருவர்அம்மா:
ராத்தா, ஏலம் அருமை. எங்க வீட்டுல புயல் கூண்டு. பாம்பன் துறைமுகத்துல கூண்டு ஏத்துறதை டிவியில சொல்வாங்கல்ல, அதேதான். 1, 3, 10-ன்னு பெரிய எழுத்துல அட்டையில எழுதி வச்சிருக்கேன். 1ஆம் எண் ஏறினா தூரத்துல புயல், ஆட்டத்தை முடிக்கிற வழியைப் பாருங்கன்னு அர்த்தம். 3 ஏறினா நம்ம துறைமுகத்துக்கே காத்து வரப்போகுது, படகையெல்லாம் (பிளாக்ஸ், கார், பொம்மை எல்லாமே படகுதான்) கரைக்குக் கொண்டு வரணும். 10 ஏறுறதுக்குள்ள ஒண்ணும் வெளிய நிக்கக் கூடாது. நான் ஃபேனை ஃபுல்லா வச்சு விடுவேன், அதுதான் காத்து.

இதுல மூத்தவன் ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன பொருள்னு தேடித் தெரிஞ்சுகிட்டான். 8ல இருந்து 10 வரை பெரிய ஆபத்து, 11-ன்னா தகவல் தொடர்பே அறுந்துபோச்சுன்னு இப்போ எங்களுக்கே பாடம் எடுக்கிறான்.

தங்கச்சிமடம்_படகுவீடு:
தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. கூண்டு விளையாட்டு எங்க வீட்டுல வேண்டாம்னு வச்சிருக்கோம். பிள்ளையோட அப்பா கடல்ல இருக்கிறப்போ "புயல் வருது"ன்னா அவனுக்கு அது விளையாட்டு இல்ல. எங்க அப்பத்தா 1964 டிசம்பர் புயல் கதையை, தனுஷ்கோடி போன கதையைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தாக. பயத்துல பிள்ளை வேகமா எடுத்து வைப்பான், ஆனா அந்த வேகம் எனக்கு வேண்டாம்.

நாங்க பாலம் விளையாடுறோம். ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு கையை நீட்டிக் கோத்துக்கிட்டா பாம்பன் பாலம். மத்தவங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ரயிலா நின்னு, ஆளுக்கு ரெண்டு கையிலயும் சாமானோட பாலத்துக்கு அடியில நுழைஞ்சு அந்தப் பக்கம் இருக்கிற பெட்டியில இறக்கிட்டு வரணும். நான் கப்பல் சங்கு ஊதுவேன். ஊதினா பாலம் தூக்கும், ரயில் அப்படியே நிக்கணும். கப்பல் போனதும் மறுபடி ஓட்டம். நின்னு நின்னு ஓடுறதுல அலுப்பே தட்டாது.

எங்க மாமனாரோட விளையாடினா பழைய பாலம். 1914ல திறந்த பாலம் நடுவுல ரெண்டா விரிஞ்சு திறக்கும், அதனால கையை ஆளுக்கு ஒரு பக்கமாப் பிரிச்சு மேல தூக்குவாக. நான் நின்னா 2025ல திறந்த புதுப் பாலம், கோத்த கை கோத்தபடியே நேரா மேல போகும். எந்தப் பாலம்னு பிள்ளைங்க முன்கூட்டியே கேட்டு வச்சுக்குவாங்க.

ராமேஸ்வரம்_இருவர்அம்மா:
அக்கா, இதுல தப்பா எடுக்க என்ன இருக்கு. படகு வீட்டுப் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்னு நீங்க சொன்னது எல்லாரும் படிக்க வேண்டியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வர்ற நாள்ல இனி பாலம்தான்.

தேவிபட்டினம்_தாத்தா:
எல்லாரும் ஆர்வமா எழுதுறீங்க, படிக்கச் சந்தோஷமா இருக்கு. ஆனாலும் ஒரு கேள்வி கேக்கணும். வேலையை எதுக்கு விளையாட்டா மாத்தணும்? சாப்பிட்ட தட்டைக் கழுவுறதும், படுத்த பாயைச் சுருட்டுறதும் செய்ய வேண்டிய வேலை. பிடிச்சாலும் செய்யணும், பிடிக்காட்டியும் செய்யணும். ஒவ்வொண்ணுக்கும் ஏலமும் பாலமும் வேணும்னு பழகின பிள்ளை, பதினஞ்சு வயசுல அம்மா காய்ச்சலாப் படுத்திருக்கிறப்போ யாரு பாலம் தூக்குவாங்கன்னு காத்திருக்குமா? எங்க காலத்துல காலையில எழுந்ததும் வாசலுக்குத் தண்ணி எடுத்து வைக்கிறது என் பங்கு. அதை யாரும் பாட்டுப் பாடிச் சொல்லல. வீட்டுல எனக்கும் ஒரு பங்கு இருக்குங்கிறதே பெருமையா இருந்துச்சு. அந்தப் பெருமையைக் குடுங்க. காசு குடுக்கிறதா ஒரு பேச்சு வந்துச்சு பாருங்க, அதை அடியோட விடுங்க.

ஏர்வாடி_பால்வாடி_டீச்சர்:
ஐயா சொல்றதுலயும் நியாயம் இருக்கு, தங்கச்சிங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. வயசு பார்த்துத்தான் பேசணும். நான் அங்கன்வாடியில ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களோட வேலை பார்த்தவ, அதை வச்சுச் சொல்றேன்.

மண்டபம் தங்கச்சி, உங்க மகனுக்கு நாலு வயசு. "எல்லாத்தையும் எடுத்து வை"ன்னா அந்த வயசுக்கு அது கேள்வியே படாத பெரிய காரியம். எங்க தொடங்குறது, எது முடிவுன்னு தெரியாது. அதனாலதான் அசையாம நிக்கிறான், அடம்னு நினைக்காதீங்க. "கார் மட்டும் பொறுக்கிட்டு வா"ன்னு சொல்லிப் பாருங்க, ஓடுவான். கார் முடிஞ்சதும் "பச்சைக் கட்டை மட்டும்." ஒவ்வொண்ணா வகை சொல்லணும். வகை பிரிக்கிறது அந்த வயசுப் பிள்ளைங்களுக்குத் தின்பண்டம் மாதிரி. பெரியதுல இருந்து சின்னது, நிறம், உருண்டை, சப்பை. படகு வந்ததும் கரையில பெண்கள் உக்காந்து மீனை ரகம் பிரிப்பாங்கல்ல, பக்கத்துல நிக்கிற சின்னப் பிள்ளை யாரும் சொல்லாமலே நண்டைத் தனியா, சூடையைத் தனியா எடுத்துப் போடும். நான் எத்தனையோ தடவை நின்னு பார்த்திருக்கேன்.

அடுத்தது இடம். பிள்ளை கைக்கு எட்டாத அலமாரியில வைக்கச் சொல்லிட்டு "வைக்க மாட்டேங்குறான்"னா எப்படி? மரியா மாண்டிசோரி 1907ல ரோம்ல தொடங்கின பள்ளியில பிள்ளை உயரத்துக்கே மேசை, அலமாரி, சின்ன விளக்குமாறு எல்லாம் செஞ்சு வச்சாங்க. தரை கூட்டுறது, தண்ணி ஊத்துறது, துணி மடிக்கிறது எல்லாமே அங்க பாடம். அந்த அம்மா 1939ல சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்கு வகுப்பே எடுத்தாங்க. அதுக்குப் பெரிய செலவு வேணும்னு நினைக்காதீங்க. நம்ம ஊர்ப் பனையோலைக் கொட்டான் போதும். லேசா இருக்கும், பிள்ளை தூக்கும், விழுந்தா உடையாது, காலில் விழுந்தாலும் வலிக்காது, உப்புக் காத்துல துருப் பிடிக்காது. மூடி இல்லாத கொட்டானா வாங்குங்க. மூடியைத் திறந்து போட்டு மூடுறதுன்னு மூணு வேலை வச்சா பிள்ளை பாதியில விட்டுடும். ஒவ்வொரு கொட்டான் மேலயும் உள்ள என்ன இருக்கோ அந்தப் படத்தை ஒட்டுங்க, எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு அதுதான் விலாசம்.

பாட்டும் வேணும். ஒரே பாட்டு, தினமும் அதே நேரம். நாங்க பாடுறது நாங்களே கட்டினது:

வண்டி வண்டி எங்கே போச்சு?
வாளிக்குள்ளே தூங்கப் போச்சு!
கட்டை கட்டை எங்கே போச்சு?
கொட்டானுக்குள் கூடிப் போச்சு!

சாமான் பேரை மாத்தி மாத்திப் பாடுவாங்க. பாட்டு முடியும்போது கூடம் காலி. பெரியவங்களும் தரையில உக்காந்து சேர்ந்து செய்யணும், கட்டில்ல உக்காந்து ஃபோன் பார்த்துக்கிட்டுப் பாடினா ஒண்ணும் நடக்காது.

ஐயா, நீங்க சொன்ன பங்கு ஆறேழு வயசுல தொடங்கணும். மண்டபம் தங்கச்சி மகளுக்கு இனி பாட்டு பத்தாது. "தண்ணிக் குடம் வைக்கிற மூலை உன் பொறுப்பு"ன்னு முழுசா ஒரு இடத்தைக் குடுங்க. அவ செஞ்ச பிறகு நீங்க மறுபடி நேராக்கக் கூடாது. கோணலா இருந்தாலும் இருக்கட்டும்.

தேவிபட்டினம்_தாத்தா:
டீச்சரம்மா, கடைசி வரியை நான் ஒத்துக்கிறேன். பிள்ளை செஞ்சதை உடனே திருத்துறது பெரிய தப்பு.

ராம்நாடு_பி.எட்:
ஸ்டிக்கர், பத்து ரூபா விஷயத்துக்கு வர்றேன். வகுப்புல படிச்சது, இங்க பயன்படும்.

1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் அமெரிக்காவுல ஒரு மழலையர் பள்ளியில ஒரு ஆய்வு செஞ்சாங்க. படம் வரையிறதுல ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைங்களா எடுத்துகிட்டு, ஒரு குழுவுக்கு மட்டும் "வரைஞ்சா ரிப்பன் வச்ச சான்றிதழ் தருவோம்"னு முன்னாடியே சொன்னாங்க. இன்னொரு குழுவுக்குச் சொல்லாமலே வரைஞ்சு முடிச்ச பிறகு குடுத்தாங்க. மூணாவது குழுவுக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு வகுப்புல சும்மா பேனாவும் தாளும் வச்சுப் பார்த்தப்போ, பரிசு சொல்லி வரைய வச்ச பிள்ளைங்க மத்தவங்கள்ல பாதி அளவுதான் வரைஞ்சாங்க. பரிசுக்காகச் செய்ற வேலைன்னு மனசுல பதிஞ்சதும், சொந்த ஆசை பின்னாடி போயிடுது.

அதைவிட எனக்குப் பிடிச்சது வார்னகென், தொமசெல்லோன்னு ரெண்டு ஆய்வாளர்கள் செஞ்சது. ஒண்ணரை வயசுப் பிள்ளைங்க முன்னாடி ஒருத்தர் துணி காயப் போடுறப்போ கிளிப்பைக் கீழ விட்டுட்டு எட்டாம தவிக்கிற மாதிரி நடிப்பார். யாரும் சொல்லாமலே பெரும்பாலான பிள்ளைங்க எழுந்து போய் எடுத்துக் குடுத்தாங்க. அது 2006ல வந்தது. 2008ல இன்னொண்ணு: உதவி செஞ்ச பிள்ளைங்கள்ல சிலருக்கு ஒவ்வொரு தடவையும் பொம்மை பரிசாக் குடுத்தாங்க. பிறகு பரிசு இல்லாத நேரத்துல, அந்தப் பிள்ளைங்கதான் மத்தவங்களைவிடக் குறைவா உதவினாங்க.

அதனால மண்டபம் அக்கா, பத்து ரூபா வேண்டாம். உதவி செய்ற ஆசை பிள்ளைக்குள்ள ஏற்கெனவே இருக்கு. ஏலம், பாலம், பாட்டு இதெல்லாம் வேலைக்குள்ளயே இருக்கிற சந்தோஷம், வேலை முடிஞ்ச பிறகு வெளிய இருந்து குடுக்கிற கூலி இல்ல. அந்த வித்தியாசம் பெரிசு. பாராட்டணும்னா கண்ணுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க: "பென்சிலையெல்லாம் ஒரே பக்கமா முனை வச்சு அடுக்கியிருக்கியே, இப்போ எடுக்கச் சுலபம்."

இன்னும் ஒண்ணு. சாமான் குறைச்சாலே பாதி வேலை குறையும். 2018ல அமெரிக்காவுல டொலிடோ பல்கலைக்கழகத்துக்காரங்க 36 சின்னப் பிள்ளைங்களை வச்சுப் பார்த்ததுல, 16 பொம்மை கிடந்தப்போ ஒண்ணுல நிலைக்காம தாவினாங்க, 4 மட்டும் இருந்தப்போ ஒவ்வொண்ணோடயும் ரொம்ப நேரம், விதவிதமா விளையாடினாங்க. மீதியைக் கட்டி மேல வச்சுட்டு வாரம் ஒருதடவை மாத்தி இறக்குங்க. இறக்குற அன்னைக்குப் புதுப் பொம்மை வந்த சந்தோஷம்தான்.

நாட்டுப்படகு_பாம்பன்:
நான் கடலுக்குப் போறவன். படிச்சவங்க அளவுக்குச் சொல்லத் தெரியாது, எங்க படகுல நடக்கிறதைச் சொல்றேன்.

வள்ளத்துல ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே இடம். கத்தி இங்க, டார்ச் இங்க, கயிறு வளையம் போட்டு இங்க, நங்கூரம் முன்னாடி. ராத்திரி இருட்டுல, படகு ஆடுறப்போ, கண்ணால தேட முடியாது. கை போற இடத்துல கத்தி இருக்கணும். வலையில கால் மாட்டினா அறுக்கிறதுக்குத் தேடிக்கிட்டு நிக்க முடியாது. கயிறைக் கண்டபடி போட்டா காலைச் சுத்தும். இதை என் பிள்ளைங்களுக்குப் படகுக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டினேன். கண்ணை மூடிக்கிட்டு டார்ச்சை எடுத்துக் காட்டினேன், அசந்துட்டாங்க.

அன்னையில இருந்து வீட்டுல இருட்டு விளையாட்டு. சாமானெல்லாம் எடுத்து வச்சு முடிஞ்சதும் லைட்டை அணைச்சிடுவோம். "மஞ்சள் பென்சில் டப்பா!" ஒருத்தர் தடவிப் போய் எடுத்துக் குடுக்கணும். "சொப்புக் கொட்டான்!" அடுத்தவங்க. அது அது இடத்துல இருந்தா உடனே கிடைக்கும், இல்லேன்னா கிடைக்காது. நடு வழியில கட்டை கிடந்தா காலுல குத்தும். எதுக்கு ஒதுங்க வைக்கணும்னு நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்ல. கரன்ட் போற ராத்திரி என் மகதான் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எடுத்துட்டு வருவா. தேவிபட்டினம் ஐயா, நீங்க சொன்ன பெருமை அவ முகத்துல அப்போ தெரியும்.

ரொம்பச் சின்னப் பிள்ளை இருந்தா ஒரு சின்ன லைட் எரியட்டும். அடுப்பு, அரிவாள்மனை இருக்கிற பக்கம் விளையாட்டு கூடாது.

கீழக்கரை_ராத்தா:
பாம்பன் காக்கா (எங்க பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), இது நான் இன்னைக்கே செஞ்சு பார்க்கப் போறேன்.

தொண்டி_உம்மா:
எல்லாருக்கும் ஸலாம். என் மகனுக்கு ஒன்பது வயசு, ஆட்டிசம் உள்ள பிள்ளை. மேல சொன்ன ஏலம், சங்கு, இருட்டு இதெல்லாம் அவனுக்கு ஆகாது. சத்தம் கூடினா காதைப் பொத்திக்குவான். எங்களை மாதிரி வீடும் நிறைய இருக்கும்னு எழுதுறேன்.

அவனுக்கு எது அடுத்து வரும்னு தெரிஞ்சா நிம்மதி. அட்டையில ரெண்டு படம்: முதல்ல கட்டை எடுத்து வைக்கிறது, அப்புறம் ஊஞ்சல். அதைக் காட்டினா போதும், நான் வாயால திரும்பத் திரும்பச் சொல்றதில்ல. அலமாரி ஒதுங்கின பிறகு எப்படி இருக்கும்னு ஃபோட்டோ எடுத்து அங்கேயே ஒட்டியிருக்கேன். அதைப் பார்த்து, அதே மாதிரி வைப்பான், எங்க எல்லாரையும்விட ஒழுங்கா. வரிசையை மாத்த மாட்டேன்: கட்டை, புத்தகம், செருப்பு. புத்தகம் நிறைஞ்ச கூடையைத் தூக்கிக்கிட்டுப் போறது அவனுக்கு ரொம்பப் பிடிக்கும், கனமான சாமானைத் தூக்கினா அவன் உடம்பு அமைதியாகுது. பட்டியல்ல அதைக் கட்டாயம் வச்சிருப்பேன்.

மத்தப் பிள்ளைங்க ஏலம் விளையாடுறப்போ அவன் உள் அறையில இதைச் செய்வான். முடிச்சதும் எல்லாரும் போய்ப் பார்ப்போம். அவனுக்கும் இதுல சந்தோஷம் இருக்கு, சத்தம் இல்லாத சந்தோஷம்.

ஏர்வாடி_பால்வாடி_டீச்சர்:
தொண்டி உம்மா, படமும் ஃபோட்டோவும் எல்லாப் பிள்ளைக்கும் உதவும். எழுதினதுக்கு நன்றிம்மா.

மூக்கையூர்_அக்கா:
இவ்வளவு பேர் எழுதியும் யாரும் தொடாத ஒண்ணு. மண்டபம் தங்கச்சி, உங்க மகளுக்கு ஏழு வயசுலயே முழுப் பொறுப்பு, மகன் நாலு வயசுக் குழந்தைன்னு ஆயிடக் கூடாது. அவனுக்கு ஏழு வயசு ஆகுறப்போ அதே பொறுப்பு அவனுக்கும் வரணும். நம்ம பக்கம் என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். பொம்பளப் பிள்ளை பத்து வயசுல பாத்திரம் கழுவுவா, கூட்டுவா, தம்பி சட்டையை மடிச்சு வைப்பா. ஆம்பளப் பிள்ளைக்கு அவன் குடிச்ச டம்ளரை எடுத்து வைக்கக்கூட யாரும் சொல்றதில்ல. சின்னதுல ரெண்டு பேருக்கும் விளையாட்டு, பெரிசானதும் ஒருத்திக்கு மட்டும் வேலைன்னா அது அநியாயம். இதை நான் ரொம்ப மனசு வலிச்சுச் சொல்றேன்.

ஆம்பளப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் வராதுங்கிறது பேச்சு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில நிக்கும், பள்ளிக்கூடமும் லீவு. அந்த நேரத்துல கரைக்குப் போய்ப் பாருங்க. அப்பாவும் மகனும் உக்காந்து வலை முடிச்சுப் போடுறாங்க, கயிறைச் சுத்துறாங்க, படகைச் சுரண்டிக் கழுவுறாங்க. அவ்வளவு நுணுக்கமா வலை மடிக்கிற கைக்குச் சேலை மடிக்கத் தெரியாதா? வீட்டுக்குள்ள கேட்டா மட்டும் தெரியாதுங்கிறாங்க. பாம்பன் அண்ணன் இங்க வந்து எழுதினது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பாவும் தரையில உக்காந்து சேர்ந்து செஞ்சா மகன் கேக்காமலே வருவான்.

நாட்டுப்படகு_பாம்பன்:
உண்மை அக்கா. என் மகன் துவைச்ச துணியை மடிக்கிறான். வலை மடிப்புத்தான் மடிக்கிறான், ஆனா மடிக்கிறான்.

மண்டபம்_தாய்:
இவ்வளவு பேர் அக்கறையா எழுதுவீங்கன்னு நினைக்கல. எல்லாருக்கும் நன்றி. மூக்கையூர் அக்கா சொன்னதை வீட்டுக்காரர்கிட்டயும் படிச்சுக் காட்டினேன். இன்னும் மூணு சந்தேகம். எங்களுது வாடகை வீடு, சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, அலமாரியும் இல்ல. ரெண்டாவது, மணல். எவ்வளவு கூட்டினாலும் தீரல. மூணாவது, சிப்பி. மக பொறுக்கிட்டு வர்றதை எறியவும் மனசு வரல, வைக்கவும் இடம் இல்ல.

தங்கச்சிமடம்_படகுவீடு:
அலமாரி இல்லாட்டிப் பழைய சேலை போதும். பிளாக்ஸ், சொப்பு எல்லாம் விரிச்ச சேலை மேலதான் விளையாடணும்னு வைங்க. முடிஞ்சதும் ஆளுக்கு ரெண்டு மூலையைப் பிடிச்சுத் தூக்கினா எல்லாம் நடுவுல வந்து சேரும், அப்படியே மூட்டை. தூக்குறதே பிள்ளைங்களுக்கு விளையாட்டு. ஜன்னல் கம்பிக்குக் கம்பி கயிறு கட்டி, துணி கிளிப்புல மஞ்சப்பை தொங்க விடலாம். ஒரு பையில புத்தகம், ஒரு பையில யூனிஃபார்ம். ஆணி தேவையில்ல. கயிறு பிள்ளை நெஞ்சு உயரத்துல இருக்கட்டும், கழுத்து உயரத்துல கட்டிடாதீங்க, நீளமாத் தொங்கவும் விடாதீங்க.

மணலுக்கு எங்க வழி: வாசலுக்கு வெளிய கயிற்று மிதியடி, பக்கத்துல ஒரு சட்டி. துணி அலசின கடைசித் தண்ணியை அதுல ஊத்தி வைப்பேன், நம்ம மாவட்டத்துல நல்ல தண்ணியைக் காலுக்கு ஊத்த முடியாது. கரையில இருந்து வந்தா சட்டியில கால் நனைச்சு, மிதியடியில தேய்ச்சு, டவுசர் பாக்கெட்டை வெளிய இழுத்துத் தட்டணும். யார் பாக்கெட்ல இருந்து அதிகமா மணல் கொட்டுதுன்னு பார்க்கிறது போட்டி. ஈர மணலைக் கூட்டாதீங்க, காய விட்டுக் கூட்டினா ஒட்டாம வரும். சின்னவனுக்குக் கட்டை விளக்குமாறு ஒண்ணு வாங்கிக் குடுங்க, கூட்டித் தள்ள வேண்டிய இடத்தைச் சாக்பீஸ்ல வட்டம் போட்டுக் காட்டுங்க. வட்டத்துக்குள்ள மணல் வந்து சேர்ந்தா ஜெயிச்சான்.

சின்னப்பாலம்_மக:
சிப்பிக்கு நான் சொல்றேன். எங்க அம்மா கடல்பாசி எடுக்கப் போறவங்க, நானும் கூடப் போய் வளர்ந்தவ.

முதல்ல, எதை வீட்டுக்குக் கொண்டு வரலாம்னு பிள்ளைக்குச் சொல்லிக் குடுங்க. நம்ம கடல் மன்னார் வளைகுடா, 21 தீவும் அதைச் சுத்தின கடலும் 1986ல இருந்து தேசியப் பூங்கா. பவளப்பாறைத் துண்டு கரையில ஒதுங்கிக் கிடந்தாலும் எடுத்துட்டு வரக் கூடாது. கடல் குதிரை, கடல் அட்டை, பவளம் எல்லாம் 2001ல இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல உச்சப் பாதுகாப்புல இருக்கு. வெறும் சிப்பி, மட்டி ஓடு இதுல கொஞ்சம் எடுத்துக்கட்டும்.

வைக்க இடத்துக்கு முட்டை அட்டை ஒண்ணு போதும். முப்பது குழி இருக்கும். குழிக்கு ஒண்ணு. முப்பதும் நிறைஞ்ச பிறகு புதுசா ஒண்ணு பிடிச்சிருந்தா, பழசுல ஒண்ணைக் கரைக்கே கொண்டுபோய் விடணும். எதை வச்சுக்கிறது எதை விடுறதுன்னு அவளே உக்காந்து யோசிக்கட்டும், அந்த யோசனைக்கு நேரம் குடுங்க, அவசரப்படுத்தாதீங்க. திருப்பி விட்ட ஓடு வீண் இல்ல, நொறுங்கி மணலாகும், இல்லேன்னா ஒரு நண்டு குடியேறும். என் தம்பி பிள்ளைங்க இப்படித்தான் செய்றாங்க, கொண்டுபோய் விடுற நாளுக்காகக் காத்திருப்பாங்க. கரைக்குப் போறப்போ ஒரு மஞ்சப்பை எடுத்துட்டுப் போய், கிடக்கிற பிளாஸ்டிக்கையும் அறுந்த நைலான் வலைத் துண்டையும் பொறுக்கிட்டு வருவாங்க. வலைத் துண்டு ஆமைக் காலைச் சுத்தும்னு அவங்களுக்குத் தெரியும். கண்ணாடி, ஊசி, தூண்டில் முள்ளை மட்டும் தொட விடாதீங்க, அது பெரியவங்க வேலை.

மண்டபம்_தாய்:
ரொம்ப நன்றி தங்கச்சி. முட்டை அட்டை நாளைக்கே எடுத்து வைக்கிறேன். சங்குக்குள்ள நண்டு உயிரோட இருக்கான்னு பிள்ளைங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது? போன வாரம் ஒண்ணு வீட்டுக்குள்ள நடந்துச்சு.

சின்னப்பாலம்_மக:
எடுத்த இடத்துலயே பார்த்திடணும் அக்கா. ஆழமில்லாத தண்ணியில, நிழலா இருக்கிற பக்கம் வாய் கீழ இருக்கிற மாதிரி வச்சுட்டு, நூறு எண்ணுற வரைக்கும் தொடாம உக்காந்திருக்கச் சொல்லுங்க. ஆள் அசையலேன்னா நண்டு காலை வெளிய நீட்டும். நீட்டினா அங்கேயே விட்டுடணும். ஒண்ணும் வரலேன்னா எடுத்து வாய்க்குள்ள பார்க்கணும், மூடி மாதிரி அடைச்சுக்கிட்டு ஏதாவது தெரிஞ்சா அதுவும் உயிருள்ளதுதான், விட்டுட்டு வாங்க. வெறும் ஓடுன்னு உறுதியானதை வீட்டுல ஒரு தடவை நல்ல தண்ணியில அலசி, நிழல்ல காய வச்சு அட்டையில வைங்க. நாத்தம் வந்தா உள்ள சதை இருக்குன்னு அர்த்தம், அதை வீட்டுக்குள்ள வைக்காம மண்ணுல புதைச்சிடுங்க.